1855-ல் செய்த நீராவி இன்ஜின் 2010-ல் ஓடியது எப்படி? பெரம்பூரில் உயிர் பெற்ற 'இஐஆர் 21'-ன் கதை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் அறுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது ரயிலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஜன்னலோரம் இடம் பிடித்ததும், கண்ணில் கரித்தூள் விழுந்ததும், ஊர் போய்ச் சேரும்போது வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகியிருந்ததும் கண்டிப்பாக வரும். விருதுநகரில் இருந்து தென்காசி போகும் இந்தப் பாதை 1927-ல் திறக்கப்பட்டது. மீட்டர் கேஜ் பாதை. கரி இன்ஜின் போய் டீசல் வந்தது. 2000-களின் தொடக்கத்தில் பாதையே அகலப்பாதை ஆனது.

அந்தக் கரி இன்ஜின்கள் எங்கே போயின? பெரும்பாலானவை பழைய இரும்புக்குத்தான் போயின. உதாரணத்துக்கு ஒன்று: அகலப்பாதையில் ஓடிய 'டபிள்யூஜி' ரக நீராவி இன்ஜின்கள் மட்டும் 1950 முதல் 1970 வரை 2,450 செய்யப்பட்டன. இன்று அவற்றில் எஞ்சியிருப்பவை சொற்பம். ஐம்பது, அறுபது வருஷம் பழைய இன்ஜின்களுக்கே இந்த நிலைமை.

ஆனால் இங்கிலாந்தில் 1855-ல் செய்யப்பட்ட ஒரு இன்ஜின், சென்னை பெரம்பூரில் சரிசெய்யப்பட்டு 2010-ல் மறுபடியும் தண்டவாளத்தில் ஓடியது. அதன் பெயர் 'எக்ஸ்பிரஸ்', எண் இஐஆர் 21. தமிழ்நாட்டில் முதல் ரயில் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது 1856 ஜூலை 1-ம் தேதி. அதாவது, நம்ம ஊரில் ரயில் என்ற ஒன்று வருவதற்கு ஒரு வருஷம் முன்பே பிறந்த இன்ஜின் இது.

இவ்வளவு பழைய இயந்திரம் எப்படித் தப்பியது? யாரிடம் இருந்தது? 'சரிசெய்தார்கள்' என்றால் உண்மையில் என்ன செய்தார்கள்?

யார் வாங்கியது, யார் கைக்கு மாறியது?

கல்கத்தாவை மையமாக வைத்து ரயில் விடுவதற்காக லண்டனில் 1845-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் ஈஸ்ட் இந்தியன் ரயில்வே கம்பெனி. 'இஐஆர்' என்பது அதன் சுருக்கம். அந்தக் கம்பெனியின் முதல் பயணிகள் ரயில் ஹவுராவில் இருந்து ஹூக்ளிக்கு ஓடியது 1854 ஆகஸ்ட் 15 அன்று. சுதந்திர தினத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தேதி அப்படி அமைந்துவிட்டது.

அடுத்த வருஷம் பாதை ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கம் வரை நீண்டது. கூடுதல் இன்ஜின்கள் தேவைப்பட்டன. லீட்ஸ் நகரத்தின் கிட்சன், தாம்சன் அண்ட் ஹெவிட்சன் கம்பெனியிடம் ஆர்டர் கொடுத்து, கப்பலில் ஏற்றி கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். அப்படி வந்த இரட்டைப் பிறவிகள்தான் 21-ம் எண்ணும் 22-ம் எண்ணும். இதில் 22-ஐ இன்று உலகம் 'ஃபேரி குயின்' என்று அறியும். வேடிக்கை என்னவென்றால், அதற்கு அந்தப் பெயர் வைத்ததே 1895-ல்தான். நாற்பது வருஷம் வெறும் 22 ஆகவே உழைத்திருக்கிறது.

இரண்டும் 1909 வரை வேலை பார்த்தன. அதற்குள் முதலாளி மாறிவிட்டார். 1880-ல் இந்தக் கம்பெனியின் ரயில்வேயை இந்திய அரசு விலைக்கு வாங்கியது. ஆனால் நடத்தும் பொறுப்பைக் கம்பெனியிடமே விட்டுவைத்தது. சொத்து அரசுடையது, சாவி கம்பெனியிடம் என்ற இந்த ஏற்பாடு 1925 ஜனவரி 1 வரை நீடித்தது. அன்றுதான் அரசு நிர்வாகத்தையும் எடுத்துக்கொண்டது. பிறகு சுதந்திரம், 1952-ல் ரயில்வே மண்டலங்களாகப் பிரிப்பு, கிழக்கு ரயில்வே. கடைசியாக, ரிப்பேருக்காகத் தெற்கு ரயில்வேயின் பெரம்பூர்.

இத்தனை கைமாற்றத்திலும் ஒரு விஷயம் கவனிக்கணும். பெயர்ப் பலகை மாறியதே தவிர, இன்ஜின் ரயில்வேயை விட்டு வெளியே போகவே இல்லை. எந்த ஏலத்துக்கும் வரவில்லை, எந்த வியாபாரியும் வாங்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு பீகாரின் ஜமால்பூர் ஒர்க்‌ஷாப்பிலும், பிறகு ஹவுராவிலும் காட்சிப் பொருளாக நின்றது. ஜமால்பூர் சாதாரண இடமில்லை. 1862-ல் தொடங்கிய, நாட்டின் மிகப் பழைய ரயில்வே ஒர்க்‌ஷாப்களில் ஒன்று. இன்ஜினின் மதிப்பு தெரிந்தவர்கள் மத்தியில் நின்றது அதன் அதிர்ஷ்டம்.

காட்சிக்கு நிற்கும் இன்ஜினுக்கு என்ன ஆகும்?

வெளியே பார்க்கப் பளபளவென்று பெயின்ட் அடித்திருக்கும். உள்ளே கதை வேறு. நீராவி இன்ஜினின் உயிர் அதன் பாய்லர். தண்ணீர் ஆவியாகும்போது சாதாரணக் காற்றழுத்தத்தில் அதன் கன அளவு சுமார் 1,600 மடங்கு பெருகும். அதை விரிய விடாமல் இரும்புக் கூட்டுக்குள் அடைத்துவைத்து, அந்த அழுத்தத்தை சிலிண்டருக்குள் திறந்துவிட்டால் பிஸ்டன் நகரும். பிஸ்டனோடு இணைந்த கம்பி சக்கரத்தைச் சுற்றும். கொள்கை இவ்வளவுதான். வீட்டு குக்கரும் இதே சங்கதிதான். குக்கரில் வெயிட் தூக்கி ஆவி வெளியேறுவதுபோல, பாய்லருக்கும் சேஃப்டி வால்வ் உண்டு.

நூறு வருஷம் சும்மா நின்ற பாய்லரின் தகடு எங்கே மெலிந்திருக்கிறது, எந்த ரிவெட் அரித்திருக்கிறது என்று வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. அதைப் பற்றவைத்து அழுத்தம் ஏற்றுவது வெடிகுண்டுக்குத் திரி வைப்பது மாதிரி. அதனால் இதுபோன்ற வேலையில் முதலில் தீ மூட்ட மாட்டார்கள். பாய்லரைக் கழற்றி, தகட்டின் கனத்தை அங்குலம் அங்குலமாக அளந்து, பழுதான இடத்தை மாற்றி, பிறகு பச்சைத் தண்ணீரை முழுக்க நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட அதிகமாக அழுத்திப் பார்ப்பார்கள். தண்ணீர் விரியாது என்பதால் அந்தச் சோதனையில் பாய்லர் உடைந்தாலும் ஒழுகுமே தவிர வெடிக்காது. அதில் தேறினால்தான் நெருப்பு.

இன்னொரு சிக்கல் உதிரி பாகம். 1855 மாடலுக்கு எந்தக் கடையில் போய் ஸ்பேர் கேட்பது? இல்லாத பாகத்துக்கு, இருக்கும் பாகத்தை அளந்து வரைபடம் போடணும். மரத்தில் அச்சு செய்து, அதை வைத்து வார்ப்பு எடுத்து, கடைசல் பிடித்து, பொருத்திப் பார்த்து, பொருந்தாவிட்டால் மறுபடி முதலில் இருந்து. அளவுகளும் மில்லிமீட்டரில் இல்லை, அங்குலத்தில்.

இஐஆர் 21-ன் அமைப்பும் இன்று யாருக்கும் பழக்கமில்லாதது. முன்னால் இரண்டு சிறு சக்கரம், பின்னால் இரண்டு சிறு சக்கரம், நடுவில் ஒரே ஒரு ஜோடி பெரிய சக்கரம். ஓட்டும் சக்தி அந்த ஒரு ஜோடிக்கு மட்டும்தான் போகும். அதன் விட்டம் 6 அடி, ஆள் உயரம். ஒரு சுற்று சுற்றினால் வண்டி கிட்டத்தட்ட 5.75 மீட்டர் நகரும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிஷத்துக்கு 116 சுற்று. சிலிண்டர் 12 அங்குல விட்டம், பிஸ்டன் நகரும் தூரம் 22 அங்குலம். சக்தி சுமார் 130 குதிரைத் திறன். இன்றைய நடுத்தர எஸ்யூவி காரின் சக்தியும் ஏறக்குறைய இதுதான். ஒரு ஜோடி சக்கரத்தில் மட்டுமே பிடிப்பு என்பதால் கனமான சரக்கு ரயிலை இழுக்காது. தபால் ரயில் மாதிரி லேசான வண்டிக்குச் சரியான ஆள். தண்ணீர்த் தொட்டி பாய்லருக்கு அடியில், சட்டத்துக்கு நடுவிலேயே ஒளிந்திருக்கும்.

ஏன் பெரம்பூர்?

மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1856-ல் தொடங்கிய பெரம்பூர் ஒர்க்‌ஷாப்புக்கும் இந்த இன்ஜினுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் இன்று ஓவர்ஹால் ஆவது மின்சார இன்ஜின்கள். ஆனால் நீராவி வேலை அங்கே மறந்துபோகவில்லை. காரணம், இஐஆர் 21-க்கு முன்பே அதன் இரட்டையான ஃபேரி குயினை ஓட வைத்த அனுபவம். டெல்லி ரயில் மியூசியத்தில் நின்றிருந்த ஃபேரி குயின் 1997-ல் மறுபடி ஓடத் தொடங்கியது. டெல்லியில் இருந்து ராஜஸ்தானின் ஆல்வாருக்கு சுற்றுலா ரயில் இழுத்தது. 1998-ல் 'வழக்கமான சேவையில் உள்ள உலகின் மிகப் பழைய நீராவி இன்ஜின்' என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

தங்கைக்குக் கின்னஸ் கிடைத்த பிறகு அக்காவைச் சும்மா விடலாமா? ஹவுராவில் நின்றிருந்த 21-ஐ பெரம்பூருக்குக் கொண்டுவந்தார்கள். 1909-ல் அணைந்த நெருப்பு 2010-ல் மறுபடி மூண்டது. 101 வருஷ இடைவெளி.

அதற்குப் பிறகு சுதந்திர தினம், குடியரசு தினம் போன்ற நாட்களில் சென்னையில் பாரம்பரிய ஓட்டம் விட்டார்கள். 2019-ல் கொச்சியில் எர்ணாகுளம்–துறைமுகப் பாதையிலும், நம்ம தெற்குப் பக்கம் நாகர்கோவில்–கன்னியாகுமரி பாதையிலும் ஓடியது. பாதையோரம் ஆயிரக்கணக்கில் ஃபோனைத் தூக்கிப் பிடித்து நின்ற கூட்டத்துக்கு நடுவே, பொறுமையாக விசிலடித்துக்கொண்டு போனது.

எத்தனை பாகம் மாற்றினால் அது பழைய இன்ஜின் இல்லை?

பழைய வண்டி பிரியர்கள் மணிக்கணக்கில் சண்டை போடும் விஷயம் இது. தகட்டை மாற்றியாச்சு, குழாயை மாற்றியாச்சு, இன்றைய தண்டவாளத்தில் ஓட்ட நவீன பிரேக் வேண்டும் என்று அதையும் சேர்த்தாச்சு. அப்புறம் அது 1855 இன்ஜினா, 2010 இன்ஜினா?

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிது இல்லை. ஆண்டாள் கோயிலின் பெரிய தேர் ஆடிப்பூரத்தன்று ரத வீதியில் வரும்போது, 'போன தடவை வடம் வேறு, இது வேறு தேர்' என்று யாராவது சொல்வார்களா? தமிழ்நாட்டின் பல பெரிய தேர்களில் மரச் சக்கரம் போய் இரும்புச் சக்கரம் வந்துவிட்டது. அவற்றில் பலவற்றுக்குச் சக்கரமும் அச்சும் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். அனல் மின் நிலையங்களுக்கு பாய்லர் செய்கிற அதே பெல்தான். உளுத்த மரத்தை ஆசாரி மாற்றுகிறார், தேர் அதே தேராக நிலைக்கு வந்து சேருகிறது. அது ஒரே கோயிலின் தேராக, ஒரே வீதியில், விட்டுப்போகாமல் ஓடுவதுதான் காரணம்.

இன்ஜினுக்கும் அதே கணக்குதான். பாகங்கள் மாறலாம். ஆனால் 'இது 21-தான், லீட்ஸில் செய்தது, இங்கே இருந்தது, அப்புறம் அங்கே போனது' என்ற சங்கிலி அறுந்துபோகக் கூடாது. பாய்லரைப் புதிதாகச் செய்யலாம், அறுந்த சங்கிலியைச் செய்ய முடியாது.

ஒரு நீராவி காரின் விலை 22 கோடி ஏன்?

இதற்கு உலகப் புகழ்பெற்ற சாட்சி தண்டவாளத்தில் இல்லை, ரோட்டில் இருக்கிறது. பிரான்ஸில் 1884-ல் டி டியோன் பிரபு தன் கூட்டாளிகளான பூட்டோன், ட்ரெபார்டுவுடன் சேர்ந்து செய்த நான்கு பேர் நீராவி கார். தன் அம்மாவின் நினைவாக 'லா மார்க்கீஸ்' என்று பெயர் வைத்தார். பெட்ரோல் கார் பிறப்பதற்கு முந்தைய வண்டி. இரண்டு பேர் முன்னால், இரண்டு பேர் அவர்களுக்கு முதுகு காட்டிப் பின்னால். கரியோ விறகோ போட்டு, ஆவி ஏறும் வரை முக்கால் மணி நேரம் காத்திருக்கணும். 1887-ல் பாரிஸில் கார் பந்தயம் என்று அறிவித்தபோது இந்த ஒரு வண்டிதான் வந்து நின்றது. போட்டிக்கு ஆளே இல்லை, இருந்தாலும் ஓட்டிக் காட்டினார்கள்.

1906-ல் அதை ஹென்றி டோரியோல் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி வாங்கினார். அவர் குடும்பத்திடம் 81 வருஷம் இருந்தது. ஓடவில்லை. முதல் உலகப் போரின்போது பித்தளை, செம்பு பாகங்களைக் கழற்றிப் போர் நிதிக்குக் கொடுத்துவிட்டார்கள். 1987-ல் இங்கிலாந்துக்காரர் டிம் மூர் வாங்கிச் சரிசெய்து, பழைய கார் ஓட்டங்களுக்கே கொண்டுபோனார். 2007-ல் அமெரிக்காவில் 35.2 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் ஜான் ஓ'க்வின் என்ற வழக்கறிஞர். அவர் மறைந்த பிறகு 2011 அக்டோபரில் 46.2 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 22 கோடி ரூபாய்.

இரும்புக்கும் மரத்துக்கும் யாரும் 22 கோடி கொடுக்க மாட்டார்கள். 127 வருஷத்தில் உரிமையாளர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம், ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குப் போன கதை முழுசாகத் தெரியும். காசு அதற்குத்தான்.

நம்மிடம் நீராவி கார் இல்லாமல் இல்லை. சென்னை மவுன்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி 1840-ல் குதிரை வண்டி செய்யத் தொடங்கிய இடம். அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவி கார் ஒன்றைச் செய்து ஓட்டினார். இந்தியாவில் செய்த முதல் கார் என்று அதைத்தான் சொல்கிறார்கள். லா மார்க்கீஸுக்கு இருப்பதைப் போல அந்த காருக்கு உரிமையாளர் பட்டியல் யாரும் எழுதி வைத்ததாகக் கேள்விப்பட முடியவில்லை. பெயரும் வருஷமும் நிற்கின்றன.

ஓய்வு பெற்றாலும் ஆபத்து ஓயாது

உரிமை உறுதியாக இருந்தால் போதுமா என்றால், போதாது. ஃபேரி குயினுக்கு நடந்ததைப் பாருங்கள். கின்னஸ் சான்றிதழ் வாங்கிய இன்ஜின். 2011-ல் அதன் பாகங்கள் பல திருடு போய்விட்டன. லா மார்க்கீஸில் இருந்து பித்தளையைப் போருக்காகக் கழற்றினார்கள். இங்கே காயலாங்கடை விலைக்காகக் கழற்றினார்கள். பழைய வண்டியில் முதலில் காணாமல் போவது எப்போதும் செம்பும் பித்தளையும்தான். மறுபடி பெரம்பூரே கைகொடுத்தது. 2017 பிப்ரவரியில் டெல்லி–ரேவாரி பாதையில் அது திரும்ப ஓடியது.

வீட்டு ஷெட்டில் பழைய வண்டி இருந்தால்?

ரயில்வேக்கு ஒரு வசதி உண்டு. ரயில் இன்ஜின் பாய்லர்கள் பொது பாய்லர் சட்டத்தின் கீழ் வராது, ரயில்வேயே சோதித்துக்கொள்ளும். தனியார் அப்படி இல்லை. 1923 சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய பாய்லர் சட்டம் வந்தது. அதிலும் 25 லிட்டருக்கு மேற்பட்ட பாய்லர் என்றால் பதிவும் ஆய்வும் வேண்டும். மில் ஓடும் ராஜபாளையத்துக்கு 'பாய்லர் இன்ஸ்பெக்டர்' என்ற பெயர் புதிதல்ல.

நீராவியோ பெட்ரோலோ, பழைய கார், பைக்குக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவில் இருந்து 50 வருஷம் கடந்த, வணிகப் பயன்பாடு இல்லாத வண்டிகள் 'விண்டேஜ்'. பெரிதாக உருமாற்றம் செய்திருக்கக் கூடாது. நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பிறகு 'விஏ' என்று வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் காய்கறி வாங்க எடுத்துப் போக முடியாது: கண்காட்சி, பழைய கார் ஓட்டம், ஆராய்ச்சி, எரிபொருள், பராமரிப்பு, இவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறங்கலாம். விற்றால் 90 நாளுக்குள் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்கணும். தாத்தா காலத்து ஆர்சி புக், இன்ஷூரன்ஸ் ரசீது, வண்டியோடு எடுத்த கல்யாண போட்டோ எதையும் குப்பையில் போட்டுவிட வேண்டாம். உரிமைக் கதையை நிரூபிக்க அந்தக் காகிதங்களே கைகொடுக்கும்.

நீராவி இன்ஜினை இப்போது எங்கே பார்க்கலாம்?

இஐஆர் 21 ஓடும் நாளை ரயில்வே அறிவித்தால்தான் உண்டு. ஆனால் நீலகிரி மலை ரயில் இருக்கிறது. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான அந்தப் பாதையில், மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரை பல்சக்கரம் கொண்ட 'எக்ஸ்' ரக நீராவி இன்ஜின்தான் பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். அந்த இன்ஜின்களைப் பராமரிப்பது திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப். வண்டி மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும். நெல்லையில் இருந்து தென்காசி, ராஜபாளையம் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு வாராந்திர சிறப்பு ரயிலும் விடப்பட்டு வந்தது; டிக்கெட் எடுக்கும் முன் அது இப்போது ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மலை ரயிலுக்கு முன்பதிவு சீக்கிரமே முடிந்துவிடும்.